சப்ளை செயின் படிப்பில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? படித்தால் என்ன வேலை?

நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து ஆடும் ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒருவர் சில்லறைக் கடை, அடுத்தவர் மொத்த வியாபாரி, மூன்றாமவர் விநியோகஸ்தர், கடைசியில் இருப்பவர் தொழிற்சாலை. விற்கும் சரக்கு பீர் என்பதால் பெயரே 'பீர் கேம்'. 1960 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜே ஃபாரெஸ்டரின் குழு இதை உருவாக்கியது. சப்ளை செயின், அதாவது சரக்கு ஆலையிலிருந்து நம் கை வரை வந்து சேரும் சங்கிலியைப் பற்றிப் படிக்கச் சேர்பவர்களைப் பல பல்கலைக்கழகங்களில் இன்றும் ஆரம்பத்திலேயே இதை ஆட வைத்துவிடுகிறார்கள்.

விதிகள் எளிது. வாரம் ஒருமுறை, தனக்கு மேலே, அதாவது தொழிற்சாலைப் பக்கம் அடுத்து இருப்பவரிடம் எத்தனை பெட்டி வேண்டும் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. எழுதிய ஆர்டர் போய்ச் சேரவும் நாளாகும், சரக்கு வந்து சேரவும் நாளாகும். கையில் சரக்கு தேங்கினால் அபராதம். கேட்டவருக்குக் கொடுக்க முடியாமல் நிலுவை விழுந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு அபராதம். கடைக்கு வரும் வாடிக்கையாளர் முதல் நான்கு வாரமும் வாரத்துக்கு 4 பெட்டி கேட்கிறார். ஐந்தாவது வாரம் 8 கேட்கிறார். அப்புறம் கடைசிவரை 8தான். ஆட்டம் முழுவதிலும் வெளியிலிருந்து வரும் மாற்றம் அவ்வளவே.

ஆனால் மேசையில் நடப்பது வேறு. கடைக்காரர் கொஞ்சம் பயந்து 12 கேட்பார். மொத்த வியாபாரி அதைப் பார்த்து 16, 20 என்று எழுதுவார். தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும்போது அது முப்பது, நாற்பது என்று எகிறியிருக்கும். எல்லாரும் கேட்ட சரக்கு சில வாரம் கழித்து மொத்தமாக வந்து இறங்கும்போது, ஆர்டர் பூஜ்யத்துக்கு விழுந்து வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

ஆட்டம் முடிந்ததும் ஆசிரியர், தொழிற்சாலையாக இருந்தவரைக் கூப்பிட்டு, "வாடிக்கையாளர் வாங்கிய அளவு எப்படி இருந்திருக்கும் என்று வரைந்து காட்டுங்கள்" என்பார். அவர் மலையும் பள்ளமுமாக ஒரு கோடு வரைவார். பக்கத்திலேயே உண்மையான கோட்டைப் போட்டுக் காட்டுவார்கள்: நான்கில் கிடந்து, ஒரே ஒரு படி ஏறி, எட்டில் நேராகப் போகும் கோடு. அதுவரை "நீதான் கெடுத்தாய்" என்று பக்கத்து நாற்காலியைக் கைகாட்டிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்ததும் அமைதியாகிவிடுவார்கள்.

அங்கே யாரும் முட்டாள்தனமாக ஆடவில்லை. அவரவர் இடத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொருவர் முடிவும் நியாயம்தான். நியாயமான நான்கு முடிவுகள் சேர்ந்து எல்லாருக்கும் நஷ்டத்தைக் கொண்டுவந்தன. இந்தப் படிப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 'லாரியும் குடோனும் பற்றிய படிப்பு' என்று நினைத்து இதை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

சாட்டையின் நுனி

சாட்டையின் பிடியை லேசாக அசைத்தால் நுனி பெரிதாக வீசும் அல்லவா? வாடிக்கையாளர் பக்கத்துச் சிறு அசைவு, மேலே போகப் போகப் பெருகுவதை அதனால்தான் 'புல்விப் விளைவு', அதாவது சாட்டை விளைவு என்கிறார்கள். 1997-இல் ஹௌ லீ, பத்மநாபன், வாங் என்ற மூன்று ஆய்வாளர்கள் இது ஏன் வருகிறது என்பதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, கீழிருந்து வரும் ஆர்டரையே உண்மையான தேவை என்று எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகக் கணிப்பது. இரண்டு, தினமும் கேட்காமல் சேர்த்துவைத்து மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கேட்பது. மூன்று, தள்ளுபடி வந்ததும் தேவைக்கு மேல் வாங்கிக் குவிப்பது. நான்கு, தட்டுப்பாடு வரும்போது "பத்து கேட்டால்தான் ஐந்தையாவது தருவார்கள்" என்று கூட்டிக் கேட்பது.

குழந்தைகளுக்கு டயப்பர் வாங்கும் அளவு வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறுவதில்லை. அப்படிப்பட்ட பொருளுக்கே வரும் ஆர்டர்கள் ஏன் இவ்வளவு ஆடுகின்றன என்று ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தேடிப் பார்த்த கதை, இந்தப் பாடத்தில் எல்லாரும் சொல்லும் உதாரணம். தேவை ஆடவில்லை, நடுவில் இருந்தவர்களின் ஆர்டர்கள்தான் ஆடின.

சரி, பெயருக்கு வருவோம். மூலப்பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து பயன்படுத்துபவர் கை வரை, பழுதாகித் திரும்பி வரும் வழி உட்பட, ஒரு பொருள் கடக்கும் எல்லாக் கட்டங்களும் சேர்ந்ததே சப்ளை செயின், தமிழில் விநியோகச் சங்கிலி. சரக்கு ஒரு பக்கம் போகிறது, பணம் எதிர்ப்பக்கம் வருகிறது, தகவல் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றாகத் திட்டமிட்டு நடத்துவது மேலாண்மை. லாஜிஸ்டிக்ஸ் என்பது இதில் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வைத்திருப்பதுமான பகுதி. இரண்டையும் ஒரே அர்த்தத்தில் புழங்குவது வழக்கம்தான், ஆனால் கல்லூரிப் பாடத்திட்டத்தைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தெரிந்திருப்பது நல்லது. 'சப்ளை செயின் மேனேஜ்மென்ட்' என்ற சொல்லை 1982-இல் கீத் ஆலிவர் என்ற ஆலோசகர் ஃபைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழுக்கு அளித்த பேட்டியில் பயன்படுத்தினார், அதன் பிறகுதான் அது பரவியது. அதற்கு முன்பும் சரக்கு வந்தது, போனது. ஆனால் கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, விற்பனை எல்லாம் தனித்தனி அறைகளில் இருந்தன.

அந்த அறைகளுக்குள் நடக்கும் இழுபறியைப் புரிந்துகொண்டால் பாதிப் பாடம் புரிந்த மாதிரி. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பார் கொள்முதல்காரர். வைக்க இடமில்லை என்பார் கிடங்குக்காரர். ஒரே மாடலை நாள் முழுக்க ஓட்டவிடுங்கள் என்று உற்பத்திப் பிரிவு கேட்கும். எல்லா மாடலும் எப்போதும் கையில் இருக்க வேண்டும் என்று விற்பனைப் பிரிவு கேட்கும். பணம் சரக்கில் முடங்கக் கூடாது என்று நிதிப் பிரிவு கறாராக நிற்கும். ஐந்து பேரும் சொல்வது சரி. யார் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பொருள் ஆண்டுக்கு 3,600 தேவைப்படுகிறது. ஒவ்வொரு முறை ஆர்டர் போடவும் 50 செலவு (எந்த நாணயமாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்). ஒன்றை ஓராண்டு வைத்திருக்க 4 செலவு. ஒரு தடவைக்கு எத்தனை வாங்கலாம்?

குறைத்து வாங்கினால் அடிக்கடி ஆர்டர் போட வேண்டும். கூட்டி வாங்கினால் இருப்புச் செலவு ஏறும். நடுவில் எங்கோ ஒரு நல்ல இடம் இருக்கிறது. 1913-இல் ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் அதற்கு ஒரு சூத்திரம் எழுதினார்: ஆண்டுத் தேவையையும் ஆர்டர் செலவையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, இருப்புச் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 3,600 பெருக்கல் 50 பெருக்கல் 2 என்றால் 3,60,000. நாலால் வகுத்தால் 90,000. வர்க்கமூலம் 300. அதாவது மாதம் ஒருமுறை 300 வாங்கினால் போதும். ஆண்டுக்கு 12 ஆர்டர், அதற்குச் செலவு 600. சராசரியாகக் கையில் 150 இருக்கும், அதற்கும் செலவு 600. இரண்டும் சமமாகும் இடத்தில்தான் மொத்தச் செலவு மிகக் குறைவு: 1,200.

இத்தோடு நிறுத்திவிட்டால் இது பரீட்சைக் கணக்கு. நல்ல ஆசிரியர் அடுத்த கேள்வியைக் கேட்பார்: வண்டியில் 400 ஏறும் என்றால்? 400 வாங்கிப் பாருங்கள். ஆர்டருக்கு 450, இருப்புக்கு 800, மொத்தம் 1,250. அளவு மூன்றில் ஒரு பங்கு கூடியும் செலவு ஏறியது 4 சதவீதம்தான்! அப்படியானால் வண்டியை நிரப்பி அனுப்புவதில் தவறே இல்லை. எந்த எண்ணைக் கறாராகப் பிடிக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலில் உண்மையான திறமை.

இதற்கு நேர்மாறான இன்னொன்றும் உண்டு. எதிர்பாராத தேவைக்காக வைத்திருக்கும் பாதுகாப்பு இருப்பை, அதாவது சேஃப்டி ஸ்டாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு தடவையில் 95 தடவை சரக்கு தீராமல் இருக்க ஒரு அளவு தேவை. 95-ஐ 99 ஆக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்கிறார். நாலு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் தேவையின் ஏற்ற இறக்கம் புள்ளியியல் புத்தகத்தில் வரும் மணி வடிவத்தில் இருந்தால், பாதுகாப்பு இருப்பை ஏறத்தாழ 40 சதவீதம் கூட்ட வேண்டியிருக்கும். இதை ஒரு கூட்டத்தில் பொறுமையாக எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்கு எந்த நிறுவனத்திலும் மதிப்பு உண்டு.

பல்கலைக்கழகத்தில்

பாடம் இரண்டு வீடுகளில் வாழ்கிறது. சில இடங்களில் வணிக மேலாண்மைத் துறைக்குள் இருக்கும். அங்கே கொள்முதல், ஒப்பந்தம், கணக்கியல், பேச்சுவார்த்தை ஆகியவற்றுக்கு அழுத்தம் அதிகம். சில இடங்களில் தொழிலகப் பொறியியல் துறைக்குள் இருக்கும். அங்கே கணித மாதிரிகளும் உகந்த தீர்வு காணும் முறைகளும் கூடுதல். இளநிலைப் படிப்பு பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு ஆண்டு, முதுநிலை ஒன்று அல்லது இரண்டு ஆண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட், அரிசோனா ஸ்டேட், பென் ஸ்டேட், பிரிட்டனில் கிரான்ஃபீல்டு ஆகியவை இத்துறையில் நெடுநாளாகப் பெயர் பெற்றவை. எம்ஐடி தன் முதுநிலைப் பாடங்களில் ஒரு பகுதியை 'மைக்ரோமாஸ்டர்ஸ்' என்ற பெயரில் இணையத்திலும் நடத்துகிறது.

எங்கே சேர்ந்தாலும் புள்ளியியல், தேவைக் கணிப்பு, சரக்கிருப்பு, உற்பத்தித் திட்டமிடல், போக்குவரத்து, கொள்முதல் எல்லாம் வரும். லீனியர் புரோகிராமிங் வரும். 1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் கண்டுபிடித்த சிம்ப்ளெக்ஸ் முறைதான் அதன் அடித்தளம். எந்த ஆலையிலிருந்து எந்தக் கிடங்குக்கு எவ்வளவு அனுப்பினால் செலவு குறையும் என்பது மாதிரியான கேள்விகளுக்கு அது விடை சொல்லும். கணக்கு என்றாலே ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: இங்கே தேவைப்படுவது பெரும்பாலும் பள்ளிக் கணக்கும் புள்ளியியலும்தான், ஆனால் அவற்றைத் தவிர்த்துவிட்டு இந்தப் படிப்பை முடிக்க முடியாது. எக்செலில் கை பழக வேண்டும். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்க உதவும் எஸ்கியூஎல், கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி தெரிந்தால் இன்னும் நல்லது. கொள்முதல் முதல் கணக்கு வரை நிறுவனத்தின் வேலைகளை ஒரே இடத்தில் பதியும் எஸ்ஏபி போன்ற ஈஆர்பி மென்பொருளைப் படிக்கும்போதே தொட்டுப் பார்த்திருந்தால் வேலையில் முதல் மாதம் திணறாமல் இருக்கலாம்.

வேலைகள்

எவ்வளவு விற்கும் என்று கணிக்கும் டிமாண்ட் பிளானரில் தொடங்குகிறேன், புதிதாகப் படித்து வருபவர்கள் நுழையும் முக்கியமான வாசல்களில் அது ஒன்று. திங்கட்கிழமை காலை திரையைத் திறக்கிறீர்கள். ஒரு பொருள் வாரத்துக்கு 1,000 விற்கும் என்று கணிப்பு சொல்லியிருந்தது. போன வாரம் 1,400 போயிருக்கிறது. மென்பொருள் கணிப்பை உயர்த்தச் சொல்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் உயர்ந்துவிடும், ஆலைக்கும் தகவல் போய்விடும். அழுத்துவதற்கு முன் விற்பனைப் பிரிவுக்கு ஒரு போன் போடுகிறீர்கள். அடுத்த மாதம் விலை ஏறப்போகிறது என்று தெரிந்து ஒரு பெரிய வாடிக்கையாளர் முன்கூட்டியே 400 வாங்கி வைத்துவிட்டார் என்று தெரிகிறது. அப்படியென்றால் தேவை கூடவில்லை, அடுத்த மாதத் தேவை இந்த மாதமே வந்துவிட்டது. கணிப்பை உயர்த்தக் கூடாது, வரும் வாரங்களுக்குக் குறைக்க வேண்டும். பீர் கேமில் நாற்பது பெட்டி கேட்டவருக்குக் கிடைக்காத அந்த ஒரு போன்தான் இந்த வேலை. கணிப்பு மென்பொருளும் செயற்கை நுண்ணறிவும் வளர வளர பிளானர் தேவைப்பட மாட்டார் என்று சொல்கிறவர்கள் உண்டு. வழக்கமான எண்களை மென்பொருள் பார்த்துக்கொள்ளட்டும், வழக்கத்துக்கு மாறானதை விசாரிக்க ஆள் வேண்டும் என்பதே என் எண்ணம்.

அடுத்தது கொள்முதல். பேரம் பேசி விலையைக் குறைப்பவர் என்றுதான் வெளியே தெரியும். ஆனால் யாரிடம் வாங்குகிறோம், அவர் நின்றுபோனால் என்ன செய்வோம் என்பதும் இவர் பொறுப்புதான். 2000-ஆம் ஆண்டு மார்ச் 17 அன்று அமெரிக்காவின் ஆல்புகர்க்கியில் ஃபிலிப்ஸின் சிப் ஆலையில் மின்னலால் தீப்பிடித்தது. பத்து நிமிடத்துக்குள் அணைத்துவிட்டார்கள். ஆனால் துளித் தூசிகூட ஆகாத அறைகளில் புகை புகுந்துவிட்டது. நோக்கியாவும் எரிக்சனும் அங்கிருந்து சிப் வாங்கிக்கொண்டிருந்தன. நோக்கியாவில் சரக்கு வராததை உடனே கவனித்து, தினமும் நிலவரம் கேட்டு, ஃபிலிப்ஸின் மற்ற ஆலைகளையும் வேறு சப்ளையர்களையும் ஏற்பாடு செய்தார்கள். எரிக்சன் சுதாரிப்பதற்குள் மாற்று ஏற்பாடு எதுவும் மிஞ்சவில்லை, சில முக்கியமான சிப்களுக்கு அவர்களிடம் வேறு சப்ளையரும் இல்லை. சுமார் 40 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்கிட்டார்கள். அடுத்த ஆண்டு எரிக்சன் தன் கைப்பேசித் தொழிலை சோனியோடு கூட்டாக்கிக்கொண்டது. அதற்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், ஒரே சப்ளையரை நம்பியிருப்பதன் அபாயத்தைச் சொல்ல இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது.

சரக்குப் போக்குவரத்துப் பக்கம் போனால் ஃப்ரைட் ஃபார்வர்டிங் (பிறர் சரக்கை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்யும் தொழில்), சுங்க நடைமுறை, கப்பல் மற்றும் விமானச் சரக்கு எல்லாம் இருக்கின்றன. இங்கே நுணுக்கம் தெரிந்தவருக்கு மரியாதை அதிகம். ஒரு உதாரணம்: பன்னாட்டு வர்த்தகத்தில் யார் எதுவரை பொறுப்பு என்பதைச் சொல்லும் 'இன்கோடெர்ம்ஸ்' விதிகள் 11 இருக்கின்றன, இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு. அதில் சிஐஎஃப் என்ற விதியில், சேரும் துறைமுகம் வரை கப்பல் வாடகையும் காப்பீடும் விற்பவர் கட்டுகிறார். அதனால் வழியில் சரக்கு கெட்டால் விற்பவர்தான் பொறுப்பு என்று புதியவர்கள் நினைப்பார்கள். அப்படி இல்லை. சரக்கு புறப்படும் துறைமுகத்தில் கப்பலில் ஏறிய நிமிடமே அபாயம் வாங்குபவர் தலைக்கு மாறிவிடுகிறது. நடுக்கடலில் சேதமானால் அந்தக் காப்பீட்டில் இழப்பீடு கேட்க வேண்டியவர் வாங்கியவர்தான். இந்த ஒரு வரி தெரியாமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

கிடங்கு மேலாளர், போக்குவரத்துத் திட்டமிடுபவர், தரவுப் பகுப்பாய்வாளர், ஆலோசகர் ஆகிய வேலைகளும் உண்டு. கிடங்கு வேலையில் ஷிஃப்ட் இருக்கும், நின்று நடக்க வேண்டியிருக்கும், ஆனால் ஆட்களை நடத்தும் அனுபவம் அங்கே கிடைக்கிற மாதிரி வேறெங்கும் சீக்கிரம் கிடைக்காது. மருத்துவமனைகளும் நிவாரண அமைப்புகளும் இந்தப் படிப்பைத் தேடுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஐநாவின் உலக உணவுத் திட்டத்துக்கு 2020-இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சாலை இல்லாத இடத்துக்கும் சரக்கைக் கொண்டு சேர்ப்பது அதன் வேலையில் ஒரு முக்கியமான பகுதி. பல தடுப்பூசிகளை ஆலையிலிருந்து ஊசி போடும் இடம் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே வைத்துக் கொண்டுபோக வேண்டும். வழியில் ஒரு குளிர்பெட்டி அணைந்துபோனால் மருந்து வீணாகிவிடலாம். இந்த வேலையில் சேர்பவர்களைப் பற்றி நினைக்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

மேலே ஏறும் வழியும் இருக்கிறது. 2011-இல் ஆப்பிளின் தலைமைப் பொறுப்புக்கு வந்த டிம் குக் தொழிலகப் பொறியியல் படித்தவர், அதற்கு முன் அங்கே ஆண்டுக்கணக்கில் உற்பத்தியையும் விநியோகத்தையும் கவனித்தவர். 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைமைக்கு வந்த மேரி பாராவும் அதற்கு முந்தைய பதவியில் கொள்முதலையும் சப்ளை செயினையும் சேர்த்துப் பார்த்தவர்.

வேலையில் சேர்ந்தபின் தொழில்முறைச் சான்றிதழ்கள் கைகொடுக்கும். திட்டமிடலுக்கு ஏஎஸ்சிஎம் என்ற தொழில்துறை அமைப்பின் சிபிஐஎம் சான்றிதழ், மொத்தச் சங்கிலிக்கும் அதே அமைப்பின் சிஎஸ்சிபி, கொள்முதலுக்கு பிரிட்டனின் சிஐபிஎஸ் அமைப்பு தரும் சான்றிதழ்கள். பட்டம் முடிக்கும் முன்பே இவற்றுக்கு அவசரப்பட வேண்டாம், எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று தெரிந்தபின் எழுதினால் போதும்.

யாருக்கு இது ஒத்துவரும்? எதிரெதிராக நிற்கும் இரண்டு பேர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்க முடிந்தவருக்கு. முழுத் தகவல் இல்லாதபோதும் முடிவெடுக்கத் தயங்காதவருக்கு. எல்லாம் சரியாக நடந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒருநாள் சரக்கு வராவிட்டால் எல்லார் போனும் உங்களைத் தேடி வரும். 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் வழி அடைத்தபோது, உலகெங்கும் பிளானர்கள் ராத்திரி பகலாகத் திட்டங்களை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதிரி நாட்கள் பிடிக்காது என்றால் இப்போதே யோசித்துக்கொள்வது நல்லது.

சேரும் முன் பல்கலைக்கழகத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். நிறுவனத்தில் தங்கிப் பயிற்சி பெறும் பருவம் பாடத்திட்டத்திலேயே இருக்கிறதா, அல்லது நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா? புள்ளியியலும் தரவுப் பகுப்பாய்வும் கட்டாயமா, விருப்பப் பாடமா? மூன்றாவதாக, கடைசி ஆண்டு மாணவர்கள் செய்த புராஜெக்ட்களின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான ஒரு நிறுவனத்தின் உண்மையான எண்களை வைத்துச் செய்த வேலைகள் அதில் இருந்தால் தைரியமாகச் சேரலாம்.